கடலூர், பாண்டிப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? அன்றாடச் சின்ன சந்தோஷங்களைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

வேலை மாற்றலாகியோ, கல்யாணமாகியோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ கடலூருக்கோ பாண்டிக்கோ வந்து இறங்கியவர்களுக்கு முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிரச்சினையே இருக்காது. முதல் ஞாயிறு பாண்டி பீச் ரோடு, மணக்குள விநாயகர் கோயில், ஆரோவில். இரண்டாவது ஞாயிறு சிதம்பரம், அப்படியே பிச்சாவரம். மூன்றாவது ஞாயிறு காலையில் எழுந்து உட்கார்ந்தால்தான் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று, ஆனால் இந்த ஊரில் நமக்கென்று ஒன்றும் இல்லையே என்று தோன்றும். இந்த வழிகாட்டி அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறது.

நான் கோயம்புத்தூரிலிருந்து கடலூருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் முழுக்க என்னை அறியாமல் மேற்கே திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊரில் மொட்டை மாடி ஏறினால் மேற்கே மலை நிற்கும், மேகம் மலையில் இறங்கியிருந்தால் குளிரப் போகிறது என்று தெரியும். இங்கே மேற்கே வெறும் வானம். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு இங்கத்துத் தண்ணீரில் போட்ட காப்பி ஒட்டவே இல்லை. யாரிடம் சொன்னாலும் "பழகிடும்" என்றார்கள். சும்மா இருந்தால் பழகாது என்பது என் அனுபவம். பழக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு வழி இருக்கிறது.

எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தக் கடற்கரை ஊர்களில் நல்ல விஷயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் வெள்ளி கடற்கரைக்கு (சில்வர் பீச்) மதியம் 12 மணிக்குப் போனால் மணல் காலைச் சுடும், கண் கூசும், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து "என்ன பெரிய பீச்" என்பீர்கள். அதே இடத்துக்குக் காலை ஐந்தே முக்காலுக்குப் போய்ப் பாருங்கள். மீன், காற்று, பலாப்பழம், திருவிழா எல்லாமே இப்படித்தான். ஆகவே ஊரைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டு ஊரின் நேரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் நாள், பிறகு வாரம், அப்புறம் மாதம், கடைசியில் வருஷம். இந்த வரிசையிலேயே போகலாம்.

முதல் படி: வீட்டைச் சுற்றி ஒரே பாதையில் நடங்கள், ஒரே ஆளிடம் வாங்குங்கள்

முதல் பதினைந்து நாள் வண்டியை எடுக்காமல் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடங்கள். தினமும் அதே பாதை. காலை ஆறு மணிக்கு ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை. புதுப் புதுத் தெருவாகப் போகத் தோன்றும், வேண்டாம். ஒரே தெருவில் பத்தாவது முறை நடக்கும்போதுதான் எந்த வீட்டு ஆயா முதலில் வாசல் தெளிக்கிறார், எந்தக் கடை ஷட்டர் முதலில் திறக்கிறது, எந்த மரத்தடியில் பேப்பர் போடும் பையன்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். அவர்கள் கண்ணிலும் நீங்கள் படுவீர்கள், அதுதான் முக்கியம்.

அப்புறம் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். டீக்கடையோ, கீரை விற்பவரோ, பூக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. ஒரு மாதம் அவரிடம் மட்டும் வாங்குங்கள், இரண்டு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் மாறாதீர்கள். நான் தேர்ந்தெடுத்தது மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் பூ விற்கும் ஓர் அம்மாவை. கீழே ஈரச் சாக்கு, மேலே ஈரத்துணி மூடிய கூடை. முழம் அளக்கும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை கொண்டுபோய், பிறகு சரத்தை நறுக்காமல் இன்னும் நாலு விரற்கடை தள்ளிப் பிடித்து நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். அந்த நாலு விரற்கடை எல்லாருக்கும் கிடையாது, நான் கவனித்திருக்கிறேன். எனக்கு அது கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் காய்ச்சலில் போகவில்லை. மறுநாள் போனதும் "இன்னாம்மா, நேத்து ஆளக் காணோம்?" என்று கேட்டார். அம்மா வீட்டுக்குப் போன் போடும்போது அன்றைக்கு முதல்முறையாகச் சொல்வதற்கு நல்ல சேதி ஒன்று இருந்தது.

இரண்டாம் படி: கடலுக்கு நேரம் பார்த்துப் போங்கள்

நம் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே இங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. சாயங்காலம் பீச்சுக்குப் போய் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் வெளியூர்க்காரர்களை இன்றும் பார்க்கிறேன். மே கடைசி, ஜூனில் சூரியன் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும். ஜனவரியில் ஆறரை ஆகிவிடும். வெளிச்சம் வருவது அதற்கு அரைமணி நேரம் முன்னால், அப்போதே அங்கே இருக்க வேண்டும். இன்னொன்றும் செய்யுங்கள்: கரையில் ஒரே இடத்தில் நின்று, படகோ கம்பமோ பாலமோ ஏதாவது ஒன்றை அடையாளம் வைத்துச் சூரியன் எங்கே எழுகிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஜூனில் இடது பக்கமாக, வடகிழக்கில் எழும். டிசம்பரில் நன்றாக வலப்பக்கம் நகர்ந்துவிடும். உத்தராயணம், தட்சிணாயணம் என்று பஞ்சாங்கத்தில் படித்தது கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி தனி.

பாண்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் தூரம் ரோட்டின் நடுவிலேயே நடக்கலாம். மாலையில் கூட்டம் நெரியும், அதுவும் ஒரு அழகுதான், சுண்டலும் பொரியும் பிள்ளைகளுமாக. ஆனால் தினசரிக்கு நான் சொல்வது காலை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் கருங்கல் மேல் உட்கார்ந்தால் அலை கல்லுக்குள் புகுந்து திரும்பும் சத்தம் ஒன்று கேட்கும், குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம் மாதிரி. மாலைக் கூட்டத்தில் அது கேட்காது.

பௌர்ணமியை மட்டும் விடவே விடாதீர்கள். அன்றைக்குச் சூரியன் மேற்கே மறையும் நேரத்தை ஒட்டிச் சந்திரன் கடலிலிருந்து எழும். வெளிச்சம் முழுதாகப் போகாததால் முதலில் வெளிறித் தெரியும். அதனால் பௌர்ணமிக்கு மறுநாள்தான் எனக்குப் பிடித்த நாள். சந்திரன் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தாமதமாக எழுவதால் மறுநாள் வானம் நன்றாக இருட்டிய பிறகு வரும். செம்பு நிறத்தில், ஒரு பக்கம் லேசாக நசுங்கினாற்போல் மேலே வந்து, கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் ஒரு பாதை போடும். மளிகைக்கடையில் கொடுத்த தினசரி காலண்டரில் பௌர்ணமிக்கு அடுத்த தாளை மடித்து வைத்துவிடுங்கள், இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் போக மனசு வராது. கடலைப் பாருங்கள், காலை நனையுங்கள், உள்ளே இறங்காதீர்கள். வெள்ளி கடற்கரையில் அலை சாதுவாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் இன்னும் மோசம். 2004 சுனாமி இந்தத் தேவனாம்பட்டினத்தைப் போட்டு மிதித்துவிட்டுப் போனது. அங்கே வீடும் ஆளும் இழந்தவர்கள் பக்கத்தில் நின்றுதான் நாம் சூரிய உதயம் பார்க்கிறோம்.

கடலுக்குப் போக நேரமில்லாத நாளில் கடல் உங்கள் வீட்டுக்கு வரும், காற்றாக. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிவிடும், கடல் அவ்வளவு சூடாகாது. நிலத்தின் மேல் இருக்கும் காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடிவரும். சித்திரை வெயிலில் மேற்கேயிருந்து அனல் அடிக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும், சில நாள் மூன்று மணி வரை வராது, அன்றைக்கு ஊரே புழுங்கும். அது வந்தவுடன் தெரியும், கிழக்கு ஜன்னல் திரைச்சீலை முதலில் ஒரு தடவை உள்ளே வந்து பின்னால் போகும், அப்புறம் நிற்காமல் உப்பிக்கொண்டே இருக்கும், தெருவில் நாய்கூட எழுந்து இடம் மாறிப் படுக்கும். நான் முதலில் இருந்த வீட்டுக்கு இரண்டு ஜன்னலும் மேற்கே. நல்ல காற்றோட்டம் என்று சொல்லி ஒரு புரோக்கர் தலையில் கட்டிவிட்டார். இரண்டு கோடையை அதில் தள்ளினேன். வீடு பார்க்கும்போது பைப்பையும் பாத்ரூமையும் பார்ப்பதற்கு முன்னால் கிழக்கே ஜன்னல் இருக்கிறதா, அதன் எதிரே சுவர் மறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

மூன்றாம் படி: மாதம் ஒரு மீன் கற்றுக்கொள்ளுங்கள்

சைவக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்கு, கடலோரம் குடிவந்து மீன் தெரியாமல் இருப்பது ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு நீச்சல் தெரியாமல் இருப்பது மாதிரி.

கோவையில் நான் சாப்பிட்டதெல்லாம் ஐஸில் வந்த மீன், பெயர்கூடக் கேட்டதில்லை. இங்கே வந்து முதல்முறை கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் வாங்கப் போனபோது வரிசையாகக் கூடைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். "வா, எடு, பாத்துக்கினே நின்னா?" என்றார் ஒரு அம்மா. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க, எடுங்க" என்றுதான் கூப்பிடுவோம், எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "பொரிக்கவா, கொழம்புக்கா? மொதல்ல அத்த சொல்லு" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பதில் தெரிந்தால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நெத்திலியில் ஆரம்பியுங்கள், பொரிக்கவும் வரும், குழம்பும் வரும், கெடுக்க முடியாத மீன். அடுத்த மாதம் சங்கரா, செக்கச்செவேல் என்று இருக்கும், குழம்புக்கு. பிறகு கிழங்கான், முள் குறைவு, பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுக்கலாம். மத்தி மலிவு, முள் பழகணும். வஞ்சிரம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அது எல்லா ஊரிலும் கிடைக்கும். வாங்கும்போது அந்த அம்மாவே செவுளைத் தூக்கிக் காட்டுவார்: உள்ளே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் நேற்றையது. கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். கழுவும்போது வழுக்கினால் கல்லுப்பைத் தொட்டுக்கொண்டு பிடியுங்கள்.

இதற்கும் நேரம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் விலை ஏறும், வகை குறையும். ஆனால் கரையோரம் சின்னப் படகில் போகிறவர்கள் கொண்டுவரும் மீன் கொஞ்சமாக இருந்தாலும் அன்றன்றைக்கு வந்ததாக இருக்கும். அந்த நாட்களில்தான் நான் கருவாட்டுக் குழம்பு கற்றுக்கொண்டேன். கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் போட்டு வைத்த கருவாட்டுக் குழம்பை மறுநாள் சாப்பிடுங்கள், அன்றைக்கே வேண்டாம்.

நான்காம் படி: ஊரின் வார்த்தைகளைச் சேர்த்து வையுங்கள்

தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறியவர்களுக்கு இது இனிப்பான வேலை. தெரிந்த மொழிதான், ஆனால் திடீரென்று ஒரு வார்த்தை முழிக்க வைக்கும். இங்கே வேர்க்கடலை மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது வாயில் உருண்டு மல்லாட்டையாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டையைப் படியில் அளந்து கூம்புப் பொட்டலத்தில் போடுவார்கள். "கடலை குடுங்க" என்று கேட்டாலும் கிடைக்கும், "மல்லாட்டை குடுங்க" என்று கேட்டால் ஒரு கை கூட விழும், சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரர். ஒருநாள் "நாங்க கொல்லைக்குப் போறோம், சாயங்காலம்தான் வருவோம்" என்றார். வீட்டுக்குப் பின்னால் போவதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று நினைத்துக்கொண்டேன். கொல்லை என்றால் இங்கே மானாவாரி நிலம், எங்கள் பக்கம் காடு என்று சொல்வோமே, அது. மல்லாட்டைக் கொல்லை, பலாக் கொல்லை. திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் என்பார்கள். கடலூரின் பழைய ஊரை ஓ.டி. (ஓல்டு டவுன்) என்பார்கள். பாண்டியில் தெருவுக்கு வீதி என்று பெயர், நேரு வீதி, காந்தி வீதி, மிஷன் வீதி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்தைச் சொல்தா வீடு என்பார்கள் அங்குள்ள பெரியவர்கள், பிரெஞ்சில் சிப்பாய்க்குள்ள வார்த்தை அப்படியே தமிழில் உட்கார்ந்துவிட்டது. ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். யார் வாயிலிருந்து கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இரண்டு வருஷம் கழித்துப் புரட்டும்போது அது அகராதியாக இருக்காது, ஆட்களின் ஆல்பமாக இருக்கும்.

ஐந்தாம் படி: வாரத்துக்கு ஒரு பஸ்

கடலூர்க்காரர்கள் பாண்டிக்கும் பாண்டிக்காரர்கள் கடலூருக்கும் வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய் வாருங்கள், காரில் வேண்டாம். சுமார் 25 கிலோமீட்டர். பஸ் அடுத்தடுத்து வரும், ஜன்னல் சீட் கிடைக்கவில்லையென்றால் அடுத்ததில் ஏறலாம். கடலூரிலிருந்து கிளம்பினால் ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, அப்புறம் முள்ளோடையில் மாநிலம் மாறும். போர்டு பார்க்காமலே தெரியும், ரோட்டோரக் கடைகள் மாறிவிடும். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டி நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம் வரும்போது போனை உள்ளே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். கடலோடு கலக்கப் போகிற தண்ணீர் அகலமாக, அசைவே இல்லாமல் கிடக்கும், ஓரத்தில் அலையாத்திச் செடிகள். அரைநிமிஷம்தான்.

பாண்டியில் இறங்கி என்ன செய்வது? ஒருமுறைக்கு ஒரு வேலை மட்டும். ஒரு ஞாயிறு காந்தி வீதி சண்டே மார்க்கெட், துணிமணி, பாத்திரம், பழைய புத்தகம், எல்லாம் ரோட்டிலேயே விரித்திருப்பார்கள். சீக்கிரம் போனால் நிதானமாகப் பார்க்கலாம். இன்னொரு வாரம் பெரிய மார்க்கெட்டில் பூப்பகுதி. மற்றொரு வாரம் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு, இப்போது நினைவில்லம். 1908லிருந்து 1918 வரை பத்து வருஷம் அவர் இந்த ஊரில் இருந்தார். புலம்பெயர்ந்து வந்த மனிதர், ஆங்கிலேயப் போலீஸ் எல்லையில் காத்திருக்க, திரும்பிப் போக முடியாத நிலையில் இருந்தவர். அந்த ஊரில்தான் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் எழுதினார். எனக்கு ஊர் ஒட்டாமல் இருந்த முதல் வருஷத்தில் அந்த வீட்டு முற்றத்தில் போய் நின்றது பெரிய ஆறுதலாக இருந்தது. வெள்ளைக்காரத் தெருக்களை எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். நீங்கள் கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதி வீதிகளில் நடந்து பாருங்கள், தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண் வைத்த தாழ்வாரம், உள்ளே முற்றத்தில் விழும் வெயில். படிக்கிறவர்களுக்கு 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. மர நிழல் வேண்டுமென்றால் 1826இல் வைத்த தாவரவியல் பூங்கா.

மதியம் ஒரு மணிக்குமேல் நாலு மணிவரை பாண்டியில் நிறையக் கடைகள் மூடிக்கிடக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த நேரத்துக்கென்றே பாரதி பூங்காவில் ஒரு பெஞ்ச் பார்த்து வைத்திருக்கிறேன், பஸ்ஸில் வாங்கிய மல்லாட்டையை உரித்துக்கொண்டு நடுவில் இருக்கும் வெள்ளை ஆயி மண்டபத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

என்னைப் போல மலை தேடுகிறவர்கள் கடலூரிலிருந்து திருவஹீந்திரபுரம் போங்கள். தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே சின்னக் குன்று, மேலே ஹயக்ரீவர், அடியில் கெடிலம் ஆறு. குன்று என்றுகூடச் சொல்ல யோசிக்கும் அளவுதான். ஆனால் படியேறும்போது முழங்கால் மடங்குகிற அந்த உணர்ச்சியே எனக்குப் போதுமாக இருந்தது, மேலே நின்று கீழே தென்னந்தோப்பைப் பார்த்தபோது மூச்சு வாங்கியது, சந்தோஷமாக.

ஆறாம் படி: பருவத்தை வாயில் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்

பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது. சித்திரை, வைகாசி, ஆனி பலாவின் காலம். ரோட்டோரம் மலையாகக் குவித்திருப்பார்கள். பழத்தைத் தட்டிப் பாருங்கள்: காயென்றால் கல்லைத் தட்டினாற்போல் டங்கென்று கேட்கும், பழமென்றால் தொப்பென்று அமுங்கிக் கேட்கும். முள் நெருக்கமாகக் கூர்மையாக இருந்தால் இன்னும் நாளாகும், விரிந்து மழுங்கியிருந்தால் சரி. முழுப் பழத்தை வீட்டில் அறுக்கிற நாளைக் கொண்டாட்டமாக வையுங்கள். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவி, தரையில் பேப்பர் விரித்து, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டால் அதைவிடச் சுலபமாகப் பழக்கம் பிடிக்க வழி இல்லை. ஒரு குடும்பம் தனியாகத் தின்று தீர்க்கக்கூடிய பழமே அல்ல அது. கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், கருவாட்டுக் குழம்பு காத்திருக்கிறது.

முந்திரிப்பழம் கோடையில் வரும், உப்பு தொட்டுச் சாப்பிட்டால் தொண்டை கரகரப்பது குறையும். அடியில் தொங்கும் பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டிலுள்ள எண்ணெய் வாயைப் புண்ணாக்கிவிடும். வெயிலுக்கு நுங்கு, பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், பாத்திரம் எடுத்துக்கொண்டு போங்கள், புது ஆள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஏழாம் படி: வருஷத்தில் இரண்டு திருவிழாவைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்

திருவிழா எல்லாவற்றுக்கும் போக முடியாது. இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு வருஷமும் தவறாமல் போங்கள். வடலூர்த் தைப்பூச ஜோதி இருக்கிறது. அங்கே 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, தைப்பூசம் இல்லாத சாதாரண நாளிலும் போய்ப் பந்தியில் உட்காரலாம். மாசி மகத்தன்று பாண்டி வைத்திக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் கடலுக்கு வரும். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி மாதத்து ஐந்தாவது வெள்ளி.

ஆனால் என் மனசு போவது ஆற்றுத் திருவிழாவுக்கு. தை மாதம் ஐந்தாம் நாள், கடலூர், விழுப்புரம், பாண்டி வட்டாரத்தில் நடப்பது. இந்தப் பக்கம் வரும்வரை நான் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை. பொங்கல் முடிந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "இன்னா சும்மா குந்திக்கினு இருக்க, ஆத்துக்கு வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பெண்ணையாற்று மணல் முழுக்க ஜனம். சுற்று ஊர்களிலிருந்து டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் அலங்காரம் செய்த சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்கியிருந்தன. வளையல் கடை, ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, எல்லாவற்றுக்கும் நடுவே குவியல் குவியலாகச் சுருளிக்கிழங்கு. மண் ஒட்டிய பழுப்புத் தோல், விரல் நீளம். ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்ச் சுருளிக்கிழங்கு வாங்காமல் வரக்கூடாது என்றார் அக்கா. வீட்டுக்கு வந்து உப்புப் போட்டு அவித்துத் தோலுரித்தோம், உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி உதிர்ந்தது. மணலில் நடந்த கால் வலிக்க, கிழங்கு ஆவி முகத்தில் அடிக்க, அந்த இரவில்தான் நான் இந்த ஊரில் இருக்கிறேன் என்று முதல்முறை தோன்றியது. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் விட்டதில்லை.

மழையையும் வருஷக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இங்கே மற்ற ஊர்களைப் போலப் பெய்யாது, கொட்டும். 2011 டிசம்பரில் தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இங்கே இன்றும் பேசுவார்கள். ஆகவே புரட்டாசியிலேயே மெழுகுவர்த்தி, டார்ச், பால் பவுடர், குடிதண்ணீர்க் கேன் எல்லாம் தயாராக இருக்கட்டும், தாழ்வான பகுதியில் வீடு எடுக்காதீர்கள். தயாராக இருந்தால் மழையை ரசிக்கலாம். மழை விட்ட மறுநாள் கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று சேதி பரவியதும் ஊரே பாலத்துக்குப் போகும், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திக்கொண்டு. நீங்களும் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் கேட்காமலே எந்த வருஷம் எதுவரை தண்ணீர் ஏறியது என்று சொல்ல ஆரம்பிப்பார்.

எட்டாம் படி: பழைய ஊரில் ஒன்றை மட்டும் கூட வைத்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டாம். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. ஒன்று போதும். எனக்கு அது சனிக்கிழமை மதியம் அரிசிம்பருப்பு சாதம். எங்கள் ஊரில் வேறு எதுவும் செய்யத் தோன்றாத நாளில் வைப்பது, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் தாளித்துத் துவரம்பருப்பும் அரிசியும் ஒன்றாக வேகவைத்து நெய் ஊற்றியது. முதல் வருஷம் நாங்கள் மட்டும் சாப்பிட்டோம், சாப்பிடும்போது அழுகை வரும். இரண்டாம் வருஷம் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். கிண்ணம் வெறுமனே திரும்பி வரவில்லை, மறுநாள் நெத்திலிக் குழம்போடு வந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இரண்டு ஊரிலும் இல்லை என்பதால் அன்றிலிருந்து இது நிற்கவே இல்லை.

இதை எழுதும்போது ஆனி பிறந்து நாலு நாள் ஆகிறது. தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன, முதுநகரில் மீன் விலை இறங்கத் தொடங்கிவிட்டது. காலண்டரில் பௌர்ணமிக்கு மறுநாள் தாள் மடித்து வைத்திருக்கிறேன். பலா இன்னும் மூன்று நான்கு வாரம் வரும். அக்காவின் தூக்குச்சட்டி ஒன்று என் அடுக்களை மேடையில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது, சனிக்கிழமை வரட்டும்.